கேள்வித்தாளும் லினக்ஸுக்கு மாறியது: கேரளப் பள்ளிகள் ஒரு நிகழ்வு ஆய்வு

கேரளத்தில் ஒரு பள்ளியின் கணினி லேப். பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வு நடக்கிறது. மாணவிக்குத் திரையிலேயே கேள்வி வருகிறது. இங்க்ஸ்கேப்பைத் திறந்து, கொடுத்திருக்கும் மாதிரியைப் பார்த்து ஒரு சின்னம் வரைய வேண்டும். முடித்ததும் தன் பதிவு எண்ணையே கோப்பின் பெயராகக் கொடுத்து, ஹோமில் இருக்கும் ‘எக்ஸாம் டாக்குமெண்ட்ஸ்’ என்ற ஃபோல்டரில் சேமிக்க வேண்டும். அடுத்த கேள்வி பைத்தான் நிரல்மொழியில் வரலாம், லிப்ரே ஆஃபிஸில் வரலாம், ஒரு வரைபடத்தைக் கொடுத்து க்யூஜிஐஎஸ்ஸிலும் வரலாம். இவையும் இவை ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளமும் லைசென்ஸுக்குப் பணம் கட்டி வாங்கியவை இல்லை. அந்த அறையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இது லினக்ஸ் தேர்வு இல்லை, ஐடி தேர்வு.

யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் நகலெடுத்துக் கொடுக்கவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளைக் கல்விக்குள் கொண்டுவரும் முயற்சிகள் பல ஒரே மாதிரி முடிவதைப் பார்த்திருக்கிறோம். ஆர்வமுள்ள ஒருவர் பொறுப்புக்கு வருவார். லேபில் லினக்ஸ் ஏறும். அவர் மாறுதலாகிப் போனதும் அடுத்த கோடை விடுமுறையில் லேப் பழையபடி ஆகிவிடும். கேரளத்தில் அப்படி ஆகவில்லை. ஆட்சிகள் இடமும் வலமுமாக மாறிய பிறகும், பள்ளி லேப்கள் லினக்ஸிலேயே ஓடுகின்றன. இது எப்படி நிலைத்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் இலவசம் என்பதால் அது நிலைக்கவில்லை. பாடப்புத்தகம், தேர்வு, பழுதுபார்க்கும் ஆள் மூன்றும் சேர்ந்தே மாறியதால் நிலைத்தது.

இலவசம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்று சொல்லிவிட்டு, ‘விலையில்லாதது என்ற பொருளில் இல்லை, சுதந்திரம் என்ற பொருளில்’ என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. தமிழில் கட்டற்ற மென்பொருள், மலையாளத்தில் ஸ்வதந்திர சாஃப்ட்வேர். கேரளத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு அவசியம்.

தொடக்கம் லினக்ஸில் இல்லை

பலரும் மறந்துவிடும் விஷயம் இது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் தலைமையிலான பணிக்குழுவின் பரிந்துரையின்படி ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் 2001 வாக்கில் தொடங்கியது. முதலில் எட்டாம் வகுப்பு, பிறகு ஒன்பது, பத்து என்று ஐடி பாடம் ஏறிக்கொண்டே போனது. அந்த முதல் பாடப்புத்தகம் விண்டோஸை வைத்து எழுதப்பட்டது. அன்றைக்கு எந்த மாநிலம் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருக்கும். கணினி என்றாலே விண்டோஸ் என்றிருந்த காலம்.

அதே 2001இல், ஜூலை 20 அன்று, இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்திருந்தார். ஆக, பள்ளிகளில் கணினி நுழைந்த அதே வேளையில், ‘யாருடைய மென்பொருள்?’ என்று கேட்க ஆட்கள் அதே ஊரில் இருந்தார்கள். ஆசிரியர் சங்கத்திலும் அந்தக் கேள்வி எழுந்தது. அரசுப் பாடப்புத்தகம் ஒரு தனி நிறுவனத்தின் பொருளைப் பெயர் சொல்லி ஏன் கற்பிக்க வேண்டும், அந்த நிறுவனம் அடுத்த பதிப்பை வெளியிடும்போதெல்லாம் பள்ளி ஏன் பின்னால் ஓட வேண்டும் என்று ஆசிரியர்களே கேட்டார்கள். மேலிருந்து வந்த உத்தரவு மட்டுமாக இருந்திருந்தால் இது வேறு கதையாகியிருக்கும். வகுப்பில் நின்று பாடம் நடத்துபவர்களில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே இந்தப் பக்கம் இருந்தார்கள்.

2005இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐடி சேர்ந்தது. சில காலம் இரண்டு வழிகளும் சேர்ந்தே ஓடின. 2006இல் வி.எஸ். அச்சுதானந்தன் முதல்வரானார். 2007இல் வந்த மாநில ஐடி கொள்கை கட்டற்ற மென்பொருளுக்கு வெளிப்படையாக முன்னுரிமை கொடுத்தது. அதையொட்டிய ஓரிரு ஆண்டுகளில் பாடப்புத்தகமும் பொதுத்தேர்வும் முழுவதுமாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டன.

இந்தத் திருப்பத்தில் தேர்வுக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். தேர்வில் வராத எதுவும் நம் பள்ளிகளில் நிற்பதில்லை, இது ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். லேபில் எதை இன்ஸ்டால் செய்கிறோம் என்பது சுற்றறிக்கையால் முடிவாவதில்லை, கேள்வித்தாளால் முடிவாகிறது. கேள்வித்தாள் மாறிய அன்று, லினக்ஸைப் பிடிக்காத தலைமையாசிரியரும் லேபை லினக்ஸுக்கு மாற்றியாக வேண்டும் என்ற நிலை வந்தது. அப்புறம் பழையபடி திரும்ப யாருக்கும் காரணம் இல்லை.

லேபைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர்

கேரள உயர்நிலைப் பள்ளிகளில் ஐடிக்கென்று தனியாக ஆசிரியர் பணியிடம் வைக்கவில்லை. கணக்கு டீச்சரோ, இயற்பியல் சாரோ, மலையாள ஆசிரியரோ தன் பாடத்தோடு சேர்த்து இதையும் நடத்துகிறார். அவர்களில் ஒருவர் பள்ளியின் ஐடி ஒருங்கிணைப்பாளர். எஸ்ஐடிசி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் டிரெய்னர்களும் வெளியிலிருந்து வந்த கம்பெனி ஆட்கள் இல்லை. அவர்களும் பள்ளி ஆசிரியர்களே.

இதன் பலன் சின்னச் சின்ன இடங்களில் தெரியும். தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது லேபில் ஒரு மெஷின் பூட் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாக இருந்தால், லைசென்ஸ் சாவி எங்கே, எத்தனை கணினிக்கு அனுமதி, சிடி யாரிடம் இருக்கிறது, சர்வீஸ் ஆள் எப்போது வருவார் என்று தொடங்கும். இங்கே அந்த டீச்சரின் கைப்பையில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. அதைச் செருகி, கணினியை மறுபடி ஆன் செய்து, பயாஸில் பூட் வரிசையை மாற்றி, மாணவர்களின் கோப்புகள் இருக்கும் ஹோம் பார்ட்டிஷனை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டு, மீதியைப் புதிதாக ஏற்றுகிறார். மதிய இடைவேளைக்குள் வேலை முடிந்துவிடும். பக்கத்துப் பள்ளியிலிருந்து போன் வந்தால் அதே பென்டிரைவைக் கொடுத்து அனுப்பலாம். வீட்டில் பழைய கணினி இருக்கிறது என்று ஒரு பையன் கேட்டால் அவனுக்கும் கொடுக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நகலெடுத்துக் கொடுக்கும் உரிமை என்று உரிமத்தில் எழுதியிருக்கும் வரி, நடைமுறையில் இந்தப் பென்டிரைவ்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடு என்று சொல்லி வளர்க்கும் இடம் அது. அங்கே மென்பொருளை மட்டும் ‘கொடுக்காதே, அது குற்றம்’ என்று சொல்ல வேண்டிய நிலை வந்தால், அல்லது குற்றம் என்று தெரிந்தே திருட்டு நகலை ஏற்றிப் பாடம் நடத்த வேண்டிய நிலை வந்தால், அது ஆசிரியருக்கு எவ்வளவு சங்கடம்! அந்தச் சங்கடம் போனதை நான் லைசென்ஸ் செலவு போனதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

சொந்தமாக ஒரு லினக்ஸ், ஆனால் மெல்லியதாக

திட்டத்துக்கென்று ஒரு லினக்ஸ் தொகுப்பு உண்டு. தொடக்கத்தில் டெபியன், பிறகு உபுண்டு என்ற பொது லினக்ஸ் தொகுப்புகளை அடிப்படையாகக் கொண்டது. பாடப்புத்தகத்தில் வரும் எல்லா மென்பொருளும் அதில் முன்கூட்டியே இருக்கும். மலையாள எழுத்துருக்களும் விசைப்பலகை அமைப்பும் சேர்ந்தே வரும். 2017இல் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2019இல் உபுண்டு 18.04ஐ ஒட்டிய ஒரு இலகுவான பதிப்பும், 2024இல் 22.04ஐ ஒட்டிய பதிப்பும் வந்தன.

இங்கே ஒரு நல்ல முடிவு ஒளிந்திருக்கிறது. ஸ்பெயினின் எக்ஸ்ட்ரெமதுரா பகுதி 2002இலேயே ‘லினெக்ஸ்’ என்ற பெயரில் தனக்கென ஒரு லினக்ஸை உருவாக்கிப் பள்ளிகளில் பரப்பியது. உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் ஒரு முழு லினக்ஸ் தொகுப்பைச் சொந்தமாகப் பராமரிப்பது பெரிய வேலை. சில ஆண்டுகளில் அந்த அரசு அதைத் தன் பொறுப்பிலிருந்து விட்டுவிட்டது. கேரளம் அடித்தளத்தைத் தொடவில்லை. ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் உபுண்டு பதிப்பை எடுத்து, மேலே பாடத்துக்கு வேண்டியதை மட்டும் அடுக்கியது. ஒரு கல்வித் துறையால் தூக்க முடிந்த சுமை அவ்வளவுதான், அதைச் சரியாகக் கணித்திருக்கிறார்கள்.

மொழி விஷயத்தில் இன்னொரு உதவி கிடைத்தது. மலையாளத்தின் கூட்டெழுத்துகள் லினக்ஸ் திரையில் சரியாக விழாமல் உடைந்து தெரிந்த காலம் உண்டு. ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வலர் குழு ரசனா, மீரா போன்ற எழுத்துருக்களைப் பராமரித்து, திரையில் எழுத்தை வரையும் நிரல்களில் இருந்த பிழைகளையும் திருத்தியது. வணிக மென்பொருளில் இப்படி ஒரு பிழை இருந்தால் புகார் எழுதிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே மொழி தெரிந்தவர்களே உள்ளே போய்ச் சரிசெய்தார்கள். தமிழிலும் நம் ஆட்கள் இப்படி உழைத்திருக்கிறார்கள், உழைக்கிறார்கள். பள்ளி லேப் என்ற பெரிய பயன்பாட்டுக் களம் கூடவே இருக்கும்போது அந்த உழைப்பு எவ்வளவு வேகமாகப் பலன் தருகிறது என்பதற்கு இது உதாரணம்.

கணக்கு வகுப்பில் நடந்தது

ஐடி பாடத்தோடு கதை நின்றிருந்தால் இதை இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். மென்பொருள் மற்ற பாடங்களுக்குள் போனதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகென்வார்ட்டர் 2001இல் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. ஆசிரியர் ஒரு முக்கோணம் வரைகிறார். மூன்று பக்கங்களுக்கும் மையக்குத்துக்கோடு போட்டு, அவை சந்திக்கும் புள்ளியை மையமாக வைத்து முனைகள் வழியே வட்டம் வரைகிறார். இதுவரை கரும்பலகையிலும் செய்யலாம். இப்போது மவுஸால் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுக்கிறார். முக்கோணம் மாறுகிறது, வட்டமும் கூடவே மாறுகிறது, ஆனால் மூன்று முனைகளை விட்டு விலகுவதில்லை. கோணம் 90 பாகையை நெருங்க நெருங்க மையப்புள்ளி ஒரு பக்கத்தை நோக்கி நகர்கிறது. சரியாக 90 ஆகும்போது அந்தப் பக்கத்தின் மேலேயே, நட்ட நடுவில் போய் உட்காருகிறது. இன்னும் இழுத்தால் முக்கோணத்துக்கு வெளியே போய்விடுகிறது. கரும்பலகையில் இதைக் காட்ட மூன்று தனித்தனிப் படம் வேண்டும். மூன்று படத்தையும் பார்த்த பிள்ளை மூன்று விதிகளை மனப்பாடம் செய்யும். இழுத்துப் பார்த்த பிள்ளைக்கு அது ஒரே விஷயம் என்று புரிந்துவிடும்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். ஜியோஜீப்ராவின் மூல நிரல் கட்டற்ற உரிமத்தில் இருந்தாலும், அதை நிறுவும் கோப்புக்கும் மொழிக் கோப்புகளுக்கும் வணிக நோக்கமற்ற பயன்பாடு என்ற நிபந்தனை உண்டு. பள்ளிக்கு அது தடை இல்லை. ஆனாலும் எந்த மென்பொருளையும் ‘கட்டற்றது’ என்று எழுதுமுன் உரிமத்தைப் படித்துவிடுவது நல்லது.

மேல்நிலை வணிகவியல் பிரிவிலும் இதே போக்கு தெரிகிறது. கணினிவழிக் கணக்கியலுக்கு லிப்ரே ஆஃபிஸ் கால்கும் குனுகாத்தா என்ற கட்டற்ற கணக்கு மென்பொருளும் பாடத்தில் இருக்கின்றன. ‘வேலைக்குப் போனால் டாலிதானே கேட்பார்கள்?’ என்பது பெற்றோரிடம் இயல்பாக எழும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. என் பதில் இதுதான்: பற்று எது, வரவு எது, இருப்புநிலைக் குறிப்பு ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர் டாலியின் மெனுவைச் சில நாளில் பழகிவிடுவார். மெனுவை மட்டும் பழகியவருக்குப் பற்று வரவு பிடிபட நாளாகும்.

மூவாயிரம் கோடி என்ற எண்

கேரளம் பற்றிய செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் எண் ஒன்று உண்டு: ₹3,000 கோடி சேமிப்பு. 2019இல் கைட் சொன்னது. இரண்டு லட்சம் கணினி, ஒவ்வொன்றிலும் இருக்கும் கட்டற்ற மென்பொருளுக்கு ஈடான வணிக மென்பொருளை வாங்கினால் சுமார் ₹1.5 லட்சம். பெருக்கினால் ₹3,000 கோடி. பெருக்கல் சரி.

ஆனால் இந்த எண்ணை வாதமாக முன்வைக்க எனக்கு விருப்பமில்லை. எந்த அரசும் ஒவ்வொரு பள்ளிக் கணினிக்கும் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மென்பொருள் வாங்கியிருக்காது. கல்விக்கான தள்ளுபடி கேட்டிருக்கும், பலவற்றை வாங்காமலே விட்டிருக்கும். உண்மையில் நடந்திருக்கக்கூடியது இதுதான்: ஒரு இயங்குதளம், ஒரு ஆஃபிஸ் தொகுப்பு, அதோடு சரி. க்யூஜிஐஎஸ், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா எதுவுமே அந்தப் பிள்ளைகளின் கண்ணில் பட்டிருக்காது. ஆகவே கேரளம் சேமித்தது என்பதைவிட, வாங்கவே முடியாதவை கிடைத்தன என்று சொல்வதுதான் பொருத்தம். பணத்தை மட்டும் காட்டிப் பேசினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாளைக்கு ஒரு நிறுவனம் ‘எங்களுடையதையும் இலவசமாகத் தருகிறோம்’ என்று வந்து நின்றால் நம்மிடம் பதில் இருக்காது.

செலவு என்று பார்த்தால், அது வன்பொருளுக்கும் பயிற்சிக்கும் போக வேண்டும், போயிருக்கிறது. 2018இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வந்தன. அதே ஆண்டு தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் சேர்ந்தன, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் 9,000 ரோபாட்டிக் கிட்டுகள் பள்ளிகளுக்குப் போயின. அவற்றுக்குள் இருப்பது ஆர்டுயினோ, அதாவது வரைபடம் வெளிப்படையாக இருக்கும் திறந்த வன்பொருள். ஒரு பிள்ளை பலகையை எரித்துவிட்டாலும் அதே வரைபடத்தில் வேறொருவர் செய்த பலகையை வாங்கி மாட்டலாம்.

இடறும் இடங்கள்

எல்லாமே சீராக இருக்கிறது என்று எழுதினால் அது ஆய்வாகாது. முழுச் சுமையும் எஸ்ஐடிசி ஆசிரியர் தலையில் இருக்கிறது. அவருக்குத் தன் பாடமும் உண்டு, திருத்த வேண்டிய நோட்டுகளும் உண்டு, கூடவே பத்துப் பதினைந்து கணினிகளின் பாரமும் உண்டு. வெளியாளை நம்பாத அமைப்பின் பலமே இதன் பலவீனமும். ஆர்வமுள்ள டீச்சர் இருக்கும் பள்ளியில் லேப் உயிரோடு இருக்கும், அவர் மாறுதலானால் தளரும். பிரிண்டர், ஸ்கேனர் வாங்கும்போது லினக்ஸில் ஓடுமா என்று டெண்டரிலேயே எழுதாவிட்டால், வாங்கிய பொருள் அலமாரியில் தூங்கும். லினக்ஸுக்கு மாற நினைக்கும் எந்தப் பள்ளிக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டோடு ஒப்பிடக் கேட்பார்கள். 2018க்குப் பிறகு வந்த நம் மேல்நிலைப் பாடப்புத்தகங்களில் உபுண்டு, ஓப்பன் ஆஃபிஸ், பைத்தான் எல்லாம் இருக்கின்றன. அது மகிழ்ச்சிதான். ஆனால் அது கணினிப் பிரிவை எடுத்த மாணவருக்கு. கேரளத்தில் எட்டு முதல் பத்து வரை எல்லாருக்கும். தச்சர் மகனும் டாக்டர் மகளும் அதே கேள்வித்தாளை எழுதுகிறார்கள்.

கல்லூரி வாசலில்

இப்படிப் படித்து வரும் பிள்ளை பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. காரணம் ஒரே வரிதான். பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் ஆய்வகத்தின் பெயரே ‘மேட்லேப்’ (எண்கணிப்பு), ‘ஆட்டோகேட்’ (வரைபடம்) என்று ஒரு வணிகப் பொருளின் பெயரால் அச்சாகியிருக்கும். பாடத்திட்டம் பொருளைக் குறிப்பிட்டால் கேள்வித்தாளும் அதையே குறிப்பிடும். பள்ளியில் எது லினக்ஸைக் காப்பாற்றியதோ, கல்லூரியில் அதுவே எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது.

ஆராய்ச்சிப் பக்கம் மட்டும் யாரும் உத்தரவு போடாமலே மாறியிருக்கிறது. புள்ளியியலில் ஆர், தரவு ஆய்வில் பைத்தான், கணித ஆய்வேட்டுக்கு லேடெக். கட்டுரையை வெளியிட்டவர் தன் நிரலையும் பகிர வேண்டும், படிப்பவர் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதால் வந்த மாற்றம் அது. இளநிலை ஆய்வகங்களில் அந்தத் தேவை எழுவதில்லை, அதனால் மாற்றமும் தானாக வருவதில்லை.

இதற்காகத்தான் ஐஐடி மும்பையில் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் வளர்ந்த ‘ஃபாஸ்ஸி’ திட்டம் இரண்டு வழிகளைத் திறந்தது. ஒன்று, பாடநூல் துணை. மாணவர்கள் ஒரு நிலையான பாடநூலில் இருக்கும் தீர்வு கண்ட கணக்குகள் அத்தனைக்கும் மேட்லேபுக்குக் கட்டற்ற மாற்றான ஸைலேபில் நிரல் எழுதிக் கொடுப்பார்கள், அதற்குச் சன்மானமும் உண்டு. இப்படி நூற்றுக்கணக்கான நூல்களுக்கு வந்துவிட்டது. இரண்டு, ஆய்வக மாற்றம். கல்லூரி தன் ஆய்வகப் பயிற்சிகளின் பட்டியலைத் தரும், அவற்றுக்கான கட்டற்ற நிரல்கள் தயாராகி எல்லாருக்கும் திறந்துவிடப்படும். கூடவே ‘ஸ்போக்கன் டுடோரியல்’ வழியே பத்து நிமிட அளவிலான பயிற்சிக் காணொளிகள், தமிழிலும் உண்டு. திரையின் ஒரு பாதியில் காணொளி, மறு பாதியில் மென்பொருள். பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

மாறுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன். மேட்லேபில் எழுதிய சின்ன நிரல், இன்னொரு கட்டற்ற மாற்றான ஆக்டேவில் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஸைலேபில் ஓடாது. பை மதிப்புக்கு முன்னால் சதவீதக் குறி போட வேண்டும், குறிப்பு வரிக்கு இரட்டைச் சாய்கோடு போட வேண்டும். இப்படி நாற்பது இடங்களில் கை தடுக்கும். மேட்லேபோடு வரும் மாதிரியாக்கக் கருவியான சிமுலிங்குக்குச் சமமாக ஸைலேபில் எக்ஸ்காஸ் இருக்கிறது என்பார்கள். அடிப்படைப் பயிற்சிகளுக்கு அது போதும், பெரிய மாதிரிகளுக்குப் போதாது. கட்டற்ற மென்பொருளில் ஆட்டோகேட் கோப்பைத் திறக்கும்போது கோடுகள் சில இடம் மாறுவதும் உண்டு. இவற்றை மறைத்து மாற்றத்தை விற்கக் கூடாது. முதல் செமஸ்டரிலேயே மாணவர் கண்டுபிடித்துவிடுவார், அதன் பிறகு நம் பேச்சை நம்ப மாட்டார்.

செய்யக்கூடியது ஒன்று பாடத்திட்டக் குழுவின் மேசையில் இருக்கிறது. ‘மேட்லேப் பயன்படுத்தி’ என்று இருக்கும் இடத்தில் ‘எண்கணிப்பு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தி’ என்று திருத்தினால் போதும். மேட்லேப் வைத்திருக்கும் கல்லூரி அதிலேயே நடத்தலாம். இல்லாத கல்லூரி ஆக்டேவிலோ ஸைலேபிலோ நடத்தலாம். லேப் சாத்திய பிறகு, விடுதி அறையில் தன் பழைய லேப்டாப்பைத் திறந்து, காலையில் விட்ட பயிற்சியை அந்த மாணவி முடித்துக்கொள்ளலாம்.